இறால் ஏற்றுமதிக்காரரின் மனைவி

முந்த்ரா, குஜராத்
14 ஜூலை 2024

அன்புள்ள திருமலைக்கு,

தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. வீடியோவில் யார் பேசுகிறோம்? மலர் நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குத் தன் காதைக் காட்டுகிறார். கடைசியில் நீ வருகிறாய், நான் எதைக் கேட்டாலும் "உம்" என்கிறாய். கடிதத்தில் "உம்" என்று மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான்.

ஒரு வருடத்துக்கு என்று அனுப்பினார்கள், வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எண்ணூரில் ஆறு வருடம் பார்த்த அதே வேலைதான். எந்தக் கன்டெய்னர் கப்பலில் எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போட வேண்டும். கனமானது கீழே, லேசானது மேலே, முதலில் இறங்க வேண்டியது கைக்கு எட்டுகிற இடத்தில். ஆனால் இங்கே வருகிற கப்பல்கள் எண்ணூருக்கு வருவதைவிட மிகப் பெரியவை. நான் போட்ட திட்டப்படி ஒரு கப்பல் சாயாமல் சரியாமல் கிளம்பிப் போகும்போது எனக்குள் ஒரு திமிர் வருகிறது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

திட்ட அறையில் நான் ஒருத்திதான் பெண். "மேடம்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கை குலுக்கியவுடன் அடுத்த கேள்வி, "ஹஸ்பெண்ட் என்ன செய்கிறார்?" வீட்டுக்காரம்மாவும் அதையேதான் கேட்டார். கறி, மீன், முட்டை எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அந்தக் கேள்வி. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உன் பழைய கம்பெனி ஓசூருக்கு மாறியபோது, என் வேலைக்காகத்தானே நீ போகாமல் நின்றுவிட்டாய்? அது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மறைமலை நகர் கம்பெனி விளம்பரம் அனுப்பினேனே, மனு போட்டாயா?

மலருக்கு நகம் வெட்டிவிடு. வீடியோவில் தெரிகிறது.

உன் ரமா

*

ராயபுரம்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரமாவுக்கு,

உம்.

பயந்துவிட்டாயா? மேலே படி.

உன் கடிதம் வந்ததும் தபால்காரர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். கோர்ட் நோட்டீஸ் இல்லாமல் ஒருவருக்குக் கடிதம் வந்து அவர் நெடுநாள் பார்க்கவில்லையாம். "வூட்ல ஏதாச்சும் பேஜாரா நைனா?" என்றார். இல்லை, பெண்டாட்டி எழுதியிருக்கிறாள் என்றேன். அவருக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

மலருக்கு நகம் வெட்டியாகிவிட்டது. எல்.கே.ஜி. மிஸ் இவளைக் கண்டு பயப்படுகிறார் என்று கேள்வி. அது உன் வழி வந்த குணம்.

அம்மாவுக்குக் கால் முட்டி வீங்கிவிட்டது. படியில் இறங்கவே முடியவில்லை. டாக்டர், தரையில் உட்காராமல் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். கல்மண்டபம் மார்க்கெட்டில் அம்மாவின் இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டால் வாடிக்கை போய்விடும் என்று அழுதார். அதனால் நான் போய் உட்கார்ந்தேன். மலரை வேனில் ஏற்றிவிட்டுப் போகிறேன், அவள் திரும்பி வருவதற்குள் வந்துவிடுகிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, அந்த வரிசை முழுக்கப் பெண்கள். ஏலம் விடுவது, கூடை தூக்குவது, மீன் வெட்டுவது எல்லாம் ஆம்பளைகள் செய்யலாம். உட்கார்ந்து விற்பது மட்டும் பெண்கள். அதில் நான் போய்ச் சட்டையும் பேண்ட்டுமாகக் குந்தினால் எப்படி இருக்கும்? வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். "ஏம்பா, மங்கைக்கா இல்லியா?" இல்லை என்றால் நகர்ந்துவிடுகிறார்கள். அம்மாவிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீனைத் திட்டி, அம்மாவையும் திட்டி, அப்புறம் வாங்குவார்கள். என்னிடம் மீனைத் தொடக்கூடக் கூச்சம்.

பக்கத்து இடம் சில்வியா அக்காவுடையது. மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் வெடித்துவிட்டார். "இன்னா நைனா இது, பேங்க்ல டோக்கன் குடுக்கறா மாரி வெலைய சொல்லிட்டுக் கம்முனு குந்திகினுகீறே? அதுங்கோ பேசத்தாம்பா வருது. நாலு வார்த்தை பேசு!" பேசினேன். ஒரு அம்மாவின் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் கேட்டேன். சங்கரா மீன் மொத்தமும் போய்விட்டது.

ஒரு வாரம்தான். அம்மா எழுந்ததும் விட்டுவிடுவேன்.

உன் திரு

*

முந்த்ரா
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள திருவுக்கு,

அத்தைக்கு முட்டி எப்படி இருக்கிறது? சாக்கு விரித்து உட்காராமல் ஒரு நாற்காலி வாங்கிக் கொடு. டாக்டர் சொன்னதை அவர் கேட்க மாட்டார், நீதான் அதட்ட வேண்டும்.

சில்வியா அக்கா சொன்னதைப் படித்துத் திட்ட அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த ரவிக்குமார் என்ன என்று கேட்டான். எனக்கு ஜூனியர், திருப்பூர்ப் பையன், தமிழ் பேச இங்கே அவன் ஒருவன்தான். ஒன்றுமில்லை என்றேன்.

நீ எழுதியதில் மறைமலை நகர் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

கேம்பஸ் இன்டர்வியூ ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் ஒரே மெக்கானிக்கல் வகுப்பு, ஒரே நாள், ஒரே மேஜை. உன்னிடம் வால்வு எப்படி வேலை செய்யும் என்று கேட்டார்கள். என்னிடம் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். என் மதிப்பெண் உன்னுடையதைவிட அதிகம். உன்னைத் தொழிற்சாலைக்குள் அனுப்பினார்கள், என்னைக் கோப்பு அடுக்க உட்கார வைத்தார்கள். அன்றைக்கு டீக்கடையில் நீதான் என்னைவிட அதிகமாகக் கொதித்தாய். அதில்தான் எனக்கு உன்மேல் மனசு விழுந்தது, தெரியுமா? அப்படிச் சுலபமாகக் கிடைத்த இடத்தை நீ இப்போது இவ்வளவு சுலபமாக விடலாமா?

மனு போடு. எனக்காகப் போடு.

உன் ரமா

*

ராயபுரம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள ரமாவுக்கு,

மனு போட்டேன். கூப்பிட்டார்கள். போனேன்.

கேள்வி கேட்டவர் நல்ல மனிதர். என் பழைய வேலையைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல என்ன பண்ணீங்க?" என்றார். குழந்தையைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். தலையாட்டினார். அப்புறம், "சரி சார், வேலை என்ன பண்ணீங்க?" என்றார். அதையேதான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். ஏதோ வியாதி வந்து தேறியவனைப் பார்க்கிற மாதிரி.

கடைசியில், சாயந்திரம் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியுமா, மகள் காத்திருப்பாள் என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

இருந்தும் வேலை கொடுத்துவிட்டார்கள் ரமா. வால்வு பற்றி நன்றாகத்தான் பதில் சொன்னேன் போலிருக்கிறது. விடியற்காலை பஸ் ஏறி, மலர் தூங்கிய பிறகு வீடு வர வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுதிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். இப்போது மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு இனிமேல் தினமும் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்காலி போட்டு வருகிறார். மற்ற நாளெல்லாம் நான்தான். அது மட்டும் காரணம் என்றால் பொய். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பது, வரிசையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது, மத்தியானம் மலரைக் கூட்டி வந்து சோறு ஊட்டுவது, எல்லாமே. தொழிற்சாலையில் இருந்தபோது எல்லோருக்கும் மேனேஜர் ஆக வேண்டும் என்று ஒரு துடிப்பு இருந்தது. நான் அந்தத் துடிப்பு எனக்கும் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. உனக்கு அது இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு இல்லை.

நம் வகுப்பில் முதல் மாணவி நர்மதா இன்றைக்கு வீட்டில் இருக்கிறாள். யாராவது அதிர்ச்சி அடைந்தார்களா? நான் இருந்தால் மட்டும் ஏன் இழவு விழுந்த மாதிரி விசாரிக்கிறார்கள்?

உன் திரு

*

முந்த்ரா
24 செப்டம்பர் 2024

திருமலை,

நர்மதாவை இதில் இழுக்காதே. நர்மதாவை யாரும் கேட்கவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், நீ வேண்டாம் என்றாய். இரண்டும் ஒன்றா?

என் அப்பாவை உனக்குத் தெரியும். பரசுராமன் என்று ஒரு பெயர் இருந்ததே துறைமுக வாசலில் யாருக்கும் தெரியாது. "ஏய்" என்று கூப்பிட்டால் போய் மூட்டை தூக்குவார். அம்மா வியாசர்பாடியில் நடைபாதையில் குந்தி இட்லி விற்றார். போலீஸ் வந்து சட்டியை உதைத்துவிட்டுப் போன நாள் எனக்கு ஆறு வயது. எனக்கு ரமாபாய் என்று பெயர் வைத்தபோதே நான் படிக்கப்போகிறவள் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். நான் வாங்கிய பட்டம் என் ஒருத்திக்கு வாங்கியது இல்லை. உன் பட்டமும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன்.

தெருவில் உட்கார்ந்து விற்பது உன் வீட்டுக்குத் தொழில். என் வீட்டுக்கு, நாங்கள் தப்பித்து வந்த இடம். அங்கே நீ சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, பிடித்திருக்கிறது என்று எழுதுகிறாய்.

யாராவது கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

ரமாபாய்

*

ராயபுரம்
11 நவம்பர் 2024

அன்புள்ள ரமாவுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. தீபாவளிக்கு வீடியோவில் மலரைத்தான் காட்டினேன், என்னைக் காட்டவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் அம்மாவின் இட்லிச் சட்டியைப் பற்றி நீ இதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. அதற்கு எதிரில் வைக்க என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால்தான்.

ஆனால் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் மழை விட்ட நேரம். எதிரே தட்டில் கொஞ்சம் இறால், கொஞ்சம் நெத்திலி, இரண்டு வவ்வால் மீன். போன் அடித்தது. தெரியாத நம்பர். "திருமலை சேட்?" என்று ஒரு குரல். சேட்டா? ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. சில்வியா அக்கா எடுத்து, "சேட்டு அப்பால போய்கீறாரு, இன்னா வோணும்?" என்றார். அந்தப் பக்கம் இந்தி. போனை என்னிடம் தள்ளிவிட்டார்.

அவர் பெயர் லியாகத் அலி. அங்கே குஜராத்தில், வெராவலில் மீன் வியாபாரம். உன் ஆபீசில் யாரோ அவருக்குச் சிநேகிதராம், என் நம்பரும் அங்கிருந்துதான் கிடைத்ததாம். "மேடம் ரமாபாய்ஜியின் கணவர், சென்னையின் பெரிய இறால் ஏற்றுமதிக்காரர், நீங்கள்தானே?" என்று கேட்டார். நமக்கு அரைகுறை இந்திதான். ஆனால் அது நன்றாகப் புரிந்தது. ஒரு கன்டெய்னர் இறால் வேண்டுமாம்.

முதலில் சிரிப்பு வந்தது. என் தட்டில் இருந்த இறாலைப் பார்த்தேன். அதை ஒரு அம்மா குழம்புக்குப் பத்தாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்லட்டும் என்று நீ எழுதினாயே, அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறாய் என்று புரிந்தது. வலித்தது ரமா. மறைக்க மாட்டேன், நன்றாகவே வலித்தது.

ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "இந்த வருஷம் எங்கள் பக்கம் வரத்து குறைவு பாய், புது ஆர்டர் எடுக்கவில்லை, அடுத்த சீசனில் பார்க்கலாம்" என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் பெரிய மனிதன் மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் ரொம்ப மரியாதையாக வைத்துவிட்டார். சில்வியா அக்கா, "இன்னாடா, போன்ல எவன்கிட்டயோ கப்பலையே வித்துட்டே போலகீது" என்றார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா இருந்தவரைக்கும், படகு கரை சேர்ந்ததும் மீனை அம்மாவின் முன்னால் கொட்டிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார். என்ன விலைக்குப் போனது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் குப்பத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் கடலுக்குப் போக வேண்டும், ஒருவர் கரையில் இருக்க வேண்டும். கரையில் இருப்பவரைச் சும்மா இருக்கிறார் என்று எங்கள் ஆட்கள் யாரும் சொன்னதில்லை. நம் வீட்டில் கடலுக்குப் போவது நீ. கரையில் நான். எனக்கு அது ரொம்ப இயல்பாக இருந்தது. உனக்கும் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

திரு

*

முந்த்ரா
24 நவம்பர் 2024

என் திருவுக்கு,

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் அழ இடம் இருந்தது.

முதல் நாள் வீட்டுக்காரம்மா கேட்டபோது "மீன்" என்று வாய் எடுத்துவிட்டேன். நீ அப்போது மார்க்கெட்டில் உட்காரக்கூட ஆரம்பிக்கவில்லை. அத்தையின் தொழிலைத்தான் சொல்ல வந்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, "மீன் ஏற்றுமதி, இறால், கன்டெய்னரில் போகும்" என்று நீட்டிவிட்டேன். கன்டெய்னர் என்றதும் அவருக்கு அது மீன் இல்லை, பிசினஸ் ஆகிவிட்டது. ஆபீசில் கேட்டபோதும் அதுவே சுலபமாக இருந்தது. நீ வேலை தேடுகிறாய் என்று சொன்னால் பரிதாபப்படுவார்கள். நீ மலரைப் பார்த்துக்கொள்கிறாய் என்றால் என்மேல் பரிதாபப்படுவார்கள். ஏற்றுமதிக்காரரின் மனைவி என்றால் யாரும் பரிதாபப்படவில்லை. ஒரு பெண்ணின் வேலைக்கு என்ன மரியாதை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள், என் புருஷனை மட்டும் பழைய தராசில் வைத்து நிறுத்துவிட்டேன்.

அதற்கு எனக்குக் கிடைத்ததையும் கேள்.

இங்கே திட்ட அறையின் தலைமைப் பொறுப்பு காலியாகிறது. நிரந்தர இடம். ஐந்து மாத வேலையைப் பார்த்தால் அது எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். போன வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னது இது: "உங்கள் கணவர் எவ்வளவு பெரிய ஆள் என்று லியாகத் அலி சொன்னார். ஆர்டரே வேண்டாம் என்றாராமே! அப்படிப்பட்ட தொழிலை விட்டு அவர் இங்கே வரப்போவதில்லை. ஜூன் மாதம் நீங்களும் போய்விடுவீர்கள். அதனால் ரவிக்குமாரைப் போடலாம் என்று இருக்கிறேன். உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

நான் கட்டிய புளுகு, நீ என் மானத்தைக் காக்க அதற்கு ஒட்டுப்போட்ட புளுகு, இரண்டும் சேர்ந்து என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சிரிக்கலாம் போல இருக்கிறது.

இன்னொன்று. ரவிக்குமாரின் மனைவி திருப்பூரில் பேங்கில் வேலை பார்க்கிறாள். நல்ல சம்பளம். அவள் வேலையை விட்டு வருவாளா என்று அவனை யாரும் கேட்கவில்லை. வருவாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனும்கூட.

டிசம்பர் நடுவில் முடிவு செய்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அடுத்த கேள்வி உன் கணவர் வருவாரா என்பதுதான். உன் கல்மண்டபம், உன் சில்வியா அக்கா, உன் காசிமேடு. அவன் மனைவியை எடுத்துக்கொண்ட மாதிரி உன்னை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை. அதனால் உன்னைக் கேட்கவும் போவதில்லை. ஜூனில் வந்துவிடுகிறேன். எண்ணூர் இருக்கவே இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு. முடிந்தால் "உம்" என்றாவது எழுது.

ரமா

*

ராயபுரம்
2 டிசம்பர் 2024

ரமா,

கேட்கப் போவதில்லை என்று எழுதிவிட்டு இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். பொறியாளர் மூளை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் இல்லை, கழிவறையை விட்டுவிட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "பொண்டாட்டி அங்க தனியா குந்திகினு அழுதுகினுகீறா, நீ இங்க இன்னாடா நெத்திலிய நோண்டிகினுகீறே?" என்றார். அம்மா, நீ இங்கே தனியாக இருப்பாயே என்றேன். "உங்கப்பன் கடலுக்குப் போனா எத்தினி நாளு தனியா கெடந்தேன், எனக்கு வாய் இல்லியா, வரிசையில ஆள் இல்லியா?" என்றார். சில்வியா அக்காவின் மகள் இனிமேல் நம் இடத்தில் உட்காருவாள், அம்மா நாற்காலியில் இருந்து விலை சொல்வார். எல்லாம் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் இப்போது ரவிக்குமார் மனைவியின் நிலைமை தெரிகிறது.

விளையாட்டு போகட்டும். இங்கிருந்து கிளம்புவது எனக்குச் சுலபம் இல்லை. பிடித்த வேலை ஒன்று வாழ்க்கையில் முதல் தடவை அமைந்தது, அதை விட்டு வர வேண்டும். ஆனால் நீ கப்பலைப் பற்றி எழுதிய அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. அந்தத் திமிரோடு உன்னைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் வருகிறேன். அங்கேயும் கடல் இருக்கிறது, மீன் இல்லாமலா போய்விடும்?

ஒரே ஒரு நிபந்தனை. ஏற்றுமதிக்காரராக நான் வர மாட்டேன். அங்கே நான் வந்து இறங்குவதற்கு முன்னால் நான் யார் என்று நீ சொல்லியிருக்க வேண்டும். காதோடு காதாக இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. உன் அப்பா அம்மாவை நினைத்தால் அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன். உன்னால் முடியாது என்றால் திட்ட மாட்டேன், ஜூனில் ஸ்டேஷனுக்கு வந்து உன்னை அழைத்துக்கொண்டு போவேன், இதைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஆனால் முடியும் என்றால்தான் நான் வருவேன்.

உம்.

திரு

*

முந்த்ரா
14 டிசம்பர் 2024

என் திருவுக்கு,

நேற்று மாதக் கூட்டம். திட்ட அறை, கிரேன் பிரிவு, மேலாளர், எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் மேலாளர் புதுப் பொறுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் என் இந்தி எவ்வளவு மோசம் என்று ஞாபகம் வந்தது. ஆனது ஆகட்டும் என்று பேசினேன்.

என் கணவர் ஏற்றுமதிக்காரர் இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என்னோடு படித்த மெக்கானிக்கல் என்ஜினியர், இப்போது மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து மீன் விற்கிறார், எங்கள் மகளை வளர்க்கிறார், அதனால்தான் நான் இங்கே வந்து கப்பல் ஏற்ற முடிகிறது என்றேன். எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டும், அவர் வருகிறார் என்றேன்.

பின்னால் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர்தான் முதலில் தலையைக் குனிந்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியென்றால் நீங்கள் போகவில்லை?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். "இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா, நான் காகிதமெல்லாம் மாற்ற வேண்டும்" என்று சலித்துக்கொண்டார். திங்கட்கிழமை உத்தரவு வரும் திரு. எனக்குத்தான்.

வெளியே வந்ததும் ரவிக்குமாரிடம் வருத்தம் சொன்னேன். அவன் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஒய்ஃப்கிட்ட நான் கேக்கவே இல்லைங்கக்கா. இன்னைக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்" என்றான்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "மாப்ளய போலீஸ்காரன் யாரும் எட்டி ஒதைக்கலியே?" என்று அதை மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ சரிம்மா" என்றார்.

வீட்டுக்காரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன், என்னைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்று காலை கடற்கரைப் பக்கம் வீடு பார்க்கப் போனேன். அங்கே மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஜஹானாரா என்று ஒரு அம்மா, வாசலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அவரும் கேட்டார். மீன் விற்கிறார் என்றேன். ஆம்பளையா உட்கார்ந்து விற்கிறார் என்று வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் மேலே சொல்லு என்று பக்கத்தில் சாக்கைத் தட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன் திரு. தரையில்தான்.

அந்த ஏற்றுமதிக்காரரைப் பற்றி இங்கே எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், பேசும்போது ஒரு தடவைகூட எனக்கு உன் ஞாபகம் வந்ததில்லை. இன்றைக்குத்தான் உன்னைப் பற்றி ஒருவரிடம் பேசினேன். நீ பேரம் பேசுவது, மலருக்குச் சோறு ஊட்டுவது, சில்வியா அக்காவிடம் திட்டு வாங்குவது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல உன்னைப் பார்க்க வேண்டும் போல அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

எல்.கே.ஜி.க்கு என்ன பெரிய படிப்பு. பொங்கல் முடிந்ததும் மலரைக் கூட்டிக்கொண்டு வா.

உன் ரமா